கொசுறுக்குக் கட்டம் இல்லை

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டு விவசாயக் கல்லூரியில் இருந்து கொடுத்தது. ஊரில் நாற்பது வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான். ஆறு வாரம், தினமும் என்ன காய் வாங்கினோம், எந்தக் கடையில் வாங்கினோம், ஏன் அங்கே வாங்கினோம் என்று எழுத வேண்டும்.

கொண்டுவந்த பெண்ணின் பெயர் சிந்துஜா. ஆராய்ச்சி செய்கிறாள், கழுத்தில் அட்டை தொங்குகிறது. வீட்டில் காய் வாங்குவதை யார் முடிவு செய்வது என்று கேட்டாள். மருமகள் சுகுணா வாயைத் திறப்பதற்குள் நான்தான் என்றேன். முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தெருவில் இருந்து மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறவள் வேறு யார் இருக்கிறார்கள்?

எழுதத் தெரியுமா என்று கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள். நான் படித்தது ஐந்தாவது. அதிலும் முதல் ரேங்க். அவள் பேனாவையே வாங்கி, பாவாத்தாள், வயது 67 என்று முதல் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை.

எங்கள் மார்க்கெட்டில் கிழக்கு வரிசையில் எட்டுக் கடைகளை, மருந்தடிக்காமல் விளைவிக்கிறவர்களுக்கு என்று இரண்டு வருஷம் முன்னால் சர்க்கார் ஒதுக்கியது. பச்சைப் பலகையில் ‘நஞ்சில்லாக் காய்கறிகள்’ என்று எழுதியிருக்கும். அதை ஜனங்கள் வாங்குகிறார்களா, வாங்காவிட்டால் ஏன் என்பதுதான் ஆராய்ச்சி. அந்த எட்டுக் கடையை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பதை மார்ச் மாதம் பெரிய அதிகாரிகள் இந்த நோட்டுகளை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம்.

"நீங்க அங்க வாங்கறதுண்டுங்களாம்மா?" என்றாள். எங்கள் வீட்டுக்குள் வேறு காயே வராது என்றேன். அந்தப் பெண்ணின் முகம் அப்படி மலர்ந்தது. சுகுணா எதற்கோ சமையலறைக்குள் போய்விட்டாள்.

‘ஏன்’ என்ற இடத்தில் எழுத அட்டையின் உள்பக்கம் ஐந்து வார்த்தை அச்சடித்திருக்கிறது. விலை, தரம், உடல்நலம், பக்கத்தில் இருப்பது, பழக்கம். இதில் ஒன்றை எடுத்து எழுத வேண்டும்.

இன்று: அவரைக்காய் அரைக் கிலோ, தக்காளி ஒரு கிலோ. கடை எண் 6, ரங்கநாயகி. உடல்நலம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பீர்க்கங்காய், பச்சை மிளகாய். ரங்கநாயகி. உடல்நலம்.

பிப்ரவரி 6, வியாழன்

கத்தரிக்காய் அரைக் கிலோ. ஊதா நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு ஓட்டை கிடையாது. காம்பை ஒடித்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கத்தரிக்காய் பொறுக்குவதில் என்னை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் இல்லை. ரங்கநாயகி கடை. உடல்நலம். கறிவேப்பிலை கேட்காமலே வைத்தான், கொத்தமல்லியும் ஒரு கை வைத்தான்.

மதியம் எண்ணெய்க் கத்தரிக்காய். மகன் இரண்டாவது முறை போட்டுக்கொண்டான்.

பிப்ரவரி 10, திங்கள்

ரங்கநாயகியைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். ஆராய்ச்சிக்கு உதவும்.

நாற்பது வயதிருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் மூன்று ஏக்கர். நான்கு வருஷமாக ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறார், தோட்டம் இவள் பாடு. விடியற்காலை முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்குவாள். அவள் கத்தரிக்காயில் நாலுக்கு ஒன்று ஓட்டையாக இருக்கும். எடுத்துப் பார்க்கிறவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஓட்டை இருந்தா அந்த எடத்தை வெட்டிப் போடலாமுங்க. மருந்து இருந்தா எங்கீங்க வெட்டறது?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் கடையில் எல்லாம் எடை. எட்டுக் கடைக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. தங்கள் மண்ணில் விளைந்ததைத் தவிர எதையும் விற்கக் கூடாது, எதைக் கொடுத்தாலும் மெஷினில் பில் போட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அந்தப் பில்லை வைத்துத்தான் சர்ட்டிபிகேட் தருகிறார்களாம். போன வருஷம் ஒருநாள் நாலு பச்சை மிளகாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "அம்மா, அதையும் தட்டுல வையுங்க, நிறுத்துடறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் மிளகாயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இதைச் சும்மா எழுதினேன்.

இன்று: புடலங்காய், தக்காளி. ரங்கநாயகி. உடல்நலம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மார்க்கெட் போகவில்லை.

பிப்ரவரி 15, சனி

சிந்துஜா வந்தாள். நோட்டின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்து படிக்க நேரமில்லை, இன்னும் ஏழு வீடு போக வேண்டும். ‘ரங்கநாயகி’ என்று எழுதியிருந்த இடங்களை மட்டும் விரலால் எண்ணினாள். நாற்பது வீட்டில் எங்கள் வீடுதான் முதலாம். மற்ற வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை வாங்கினால் பெரிது. "உங்களை மாதிரி இன்னும் பத்து வீடு இருந்தாப் போதுமுங்கம்மா" என்றாள். பணியாரம் கொடுத்தேன். கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் போனாள்.

அவள் போனபிறகு சுகுணா கேட்டாள். "ஏனுங்கத்தை, நம்ம வீட்டு ஃபிரிட்ஜுல இருக்கறது எந்தக் கடைக் காயிங்க?"

பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள் அந்த வேலையைப் பார்த்தால் போதும் என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மார்க்கெட்டில் பதினாலாம் நம்பர் கடை சென்னியப்பனுடையது. நடுவரிசையில் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் போனாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவனுக்கு அந்தப் பச்சைப் பலகையைக் கண்டாலே ஆகாது. "அவங்க பலகைல நஞ்சில்லான்னு போட்டிருக்காங்க. அப்ப நாங்கெல்லாம் நஞ்சா ஆத்தா விக்கறோம்?" என்று என்னிடம் கேட்கிறான். அந்த வார்த்தையை யார் எழுதினார்களோ, யோசித்து எழுதியிருக்கலாம் என்று எனக்கும் படுகிறது.

அவன் கெட்டவன் இல்லை. கார்த்திகையில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து போனபோது, "எங்கீங்காத்தா ஆளையே காணோம், ஊருக்குப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்" என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான். வீட்டில் இருக்கிறவர்களுக்கு வேலை இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை.

இன்று: வெண்டைக்காய். ரங்கநாயகி. உடல்நலம்.

பிப்ரவரி 22, சனி

முள்ளங்கி. ரங்கநாயகி. உடல்நலம்.

மார்ச் 1, சனி

சிந்துஜா வந்தாள். இன்று வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். எடுத்துப்போன படங்களைக் கல்லூரியில் வைத்து ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள்.

போனில் இருந்த பக்கத்தைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தாள். பிப்ரவரி ஆறாம் தேதி. "அம்மா, ரங்கநாயகி அக்கா எப்பங்க ஆம்பளை ஆனாங்க?"

எனக்குப் புரியவில்லை. விரலை வைத்துக் காட்டினாள். வைத்தான், வைத்தான் என்று இரண்டு இடம். வைத்தாள் என்று அல்லவா இருக்க வேண்டும்? என் கையெழுத்துத்தான். தெளிவாக வேறு இருக்கிறது.

பேனா பிழை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஆறாம் கடையில் கொசுறே கிடையாது, கறிவேப்பிலை அவர்கள் விளைவிப்பதே இல்லை, கத்தரிக்காய் ஓட்டை இல்லாமல் இருக்காது என்று மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"யாரு கடைங்கம்மா?"

பதினாலாம் நம்பர் என்றேன். வேறு என்ன சொல்வது?

மொத்தம் பதினேழு இடம். பக்கத்தைக் கிழிக்கக் கூடாதாம். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பதினேழு கோடு போட்டேன். ஐந்து வருஷப் படிப்பில் என் நோட்டில் ஒரு அடித்தல் இருந்ததில்லை. என் வரிகளைக் கழித்தால் எட்டுக் கடையின் கணக்கு இன்னும் இறங்கிவிடுமே என்று கேட்டேன். "எறங்குமுங்க. ஆனா பொய்யை வெச்சுட்டு நான் அறிக்கை எழுத முடியாதுங்கம்மா" என்றாள்.

கடைப் பெயரை எல்லாம் மாற்றினேன். ‘ஏன்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பதினாலாம் கடைக்கு ஏன் போனேன்? ஐந்து வார்த்தையையும் படித்துப் பார்த்தேன். சிந்துஜா கடிகாரத்தைப் பார்த்தாள். ‘விலை’ என்று எழுதினேன். பதினேழு இடத்திலும் விலை. அவள் தலையாட்டினாள். எல்லார் வீட்டிலும் அதுதான் எழுதியிருக்கிறார்கள் என்றாள்.

பணியாரம் வேண்டாம் என்றுவிட்டுப் போனாள். வயிறு சரியில்லையாம்.

மார்ச் 3, திங்கள்

மார்க்கெட் போகவில்லை. சுகுணா வரும் வழியில் கோஸ் வாங்கி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 6, வியாழன்

ரங்கநாயகி கடைக்குப் போய் நின்றேன். இந்த முறை நிஜமாகவே. தக்காளி விலை கேட்டேன். பதினாலாம் கடையைவிட நாலு ரூபாய் குறைவு. அவரையும் அப்படித்தான். வெண்டை மட்டும் கொஞ்சம் கூட.

அப்படியானால் நான் பதினேழு இடத்தில் எழுதி வைத்தது?

அதிகாரிகள் வரப்போவதைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். கடையை எடுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மண்டிக்குத்தான் போட வேண்டும் என்றாள். மண்டியில் இவள் காயையும் அடுத்தவர் காயையும் ஒரே குவியலில் கொட்டுவார்கள். அங்கே ஓட்டைக் கத்தரிக்காயை மாட்டுக்குக்கூடக் கேட்க மாட்டார்கள்.

"நாலு வருசமுங்க. மொத ரெண்டு வருசம் வெளைச்சலே இல்ல. இப்பத்தான் மண்ணுல மண்புழு தெரியுது. கடை போச்சுன்னா அடுத்த பட்டத்துக்கு மருந்துக்குடத்தைத் தூக்கத்தான் வேணுங்க. வேற வழியில்ல."

அழவில்லை. தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். அரைக் கிலோ தக்காளி வாங்கினேன். பில் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு நின்றேன். என்னையும் அறியாமல் நின்றிருக்கிறேன், எதையோ எதிர்பார்த்து. அவள், "வேறென்னங்கம்மா வேணும்?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

கடை எண் 6. தக்காளி. ஏன் என்பதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

மார்ச் 15, சனி

ஆறு வாரம் முடிந்தது. சிந்துஜா கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டாள். நோட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பக்கம் மீதி இருக்கிறது, வீணாக்குவானேன். புதன்கிழமை மார்க்கெட் மாடியில் கூட்டம். நோட்டு எழுதியவர்கள் எல்லாரும் வர வேண்டும்.

மார்ச் 19, புதன்

நோட்டு எழுதிய வீடுகளில் இருந்து இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தோம். எல்லாரும் பெண்கள். ரங்கநாயகியும் சங்கத்துக்காரர்களும் ஒரு பக்கம், மற்ற வியாபாரிகள் பின்னால். சென்னியப்பனும் இருந்தான். கோயமுத்தூரில் இருந்து வந்த பெரிய அதிகாரி ஒரு அம்மாள். காட்டன் புடவை, கண்ணாடி, அதிகம் பேசாத முகம்.

சிந்துஜா திரையில் படம் போட்டு விளக்கினாள். நாற்பது வீட்டில் முப்பத்தொரு வீடு ‘விலை’ என்று எழுதியிருக்கிறது. பெரிய கோபுரம் மாதிரி சிவப்பாக ஒரு கட்டை. மற்றதெல்லாம் பக்கத்தில் குட்டிக் குட்டியாக. அதிகாரியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விலைதான் காரணம் என்றால், விலையைக் குறைக்க மானியம் தர நிதி இல்லை, வாங்க ஆளில்லாத கடைகளை வைத்திருப்பதில் அர்த்தமும் இல்லை என்றார். அது நியாயமான பேச்சு. அந்தச் சிவப்புக் கட்டை நிஜமாக இருந்தால்.

ரங்கநாயகி தலையைக் குனிந்து கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் மண்.

நான் எழுந்தேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த முப்பத்தொண்ணுல ஒண்ணு என்னுதுங்க. அது பொய்யிங்க" என்றேன்.

சிந்துஜா திரும்பிப் பார்த்தாள். உட்காருங்கள் என்று கையைக் காட்டுவாள் என்று நினைத்தேன், காட்டவில்லை.

தக்காளி ஆறாம் கடையில் நாலு ரூபாய் குறைவு என்று சொன்னேன். நான் பதினோரு வருஷமாகப் பதினாலாம் கடைக்குத்தான் போகிறேன், அது விலைக்காக இல்லை என்று சொன்னேன். அப்படியானால் எதற்கு என்று அதிகாரியம்மாள் கேட்டார். அத்தனை பேர் முன்னால். இரண்டு வீடும், திருப்பூரில் சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் தம்பியும் உள்ளவள் நான்.

"கறிவேப்பிலைக்குங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நானும் நின்றேன்.

"கொசுறுக்குங்க. ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எனக்கு வாங்க முடியாதுங்களா? முடியும். ஆனா அவன் நிறுத்து முடிச்சு, தட்டை எறக்கி வெச்சதுக்கு அப்பறம், எடைல சேராம ஒரு கை வைக்கறான் பாருங்க. உன்னை எனக்குத் தெரியும்னு சொல்றாப்ல இருக்குதுங்க அது. ரங்கநாயகி நல்லவ. அவ காயும் நல்ல காய். ஆனா அவகிட்ட வாங்கிட்டு வந்தா ரேஷன் கடைல வாங்கின மாதிரி இருக்குது. இந்த நோட்டுல விலைக்கு எடம் இருக்குது, உடம்புக்கு எடம் இருக்குது. கொசுறுக்கு எடம் இல்லீங்க. அதைச் சொல்றதுக்கும் எனக்கு வெக்கம். அதனால விலைன்னு எழுதினேன்."

அதிகாரியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். மற்றவர்களைப் பார்த்து, இந்த அம்மா சொல்வது உங்களில் யாருக்கெல்லாம் பொருந்தும், கையைத் தூக்குங்கள் என்றார். ஒருத்தியும் தூக்கவில்லை. என் காது சுட்டது.

அப்புறம் போஸ்டாபீஸ் வீதி டீச்சரம்மா தூக்கினாள். கையை முழுக்கத் தூக்காமல் தோள் வரைக்கும். பிறகு அவள் பக்கத்தில் ஒருத்தி. பிறகு எண்ண முடியவில்லை. சிந்துஜாதான் எண்ணினாள். பத்தொன்பது.

முடிவை மூன்று மாதம் தள்ளி வைத்தார் அதிகாரியம்மாள். சங்கம் கொசுறுக்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும், கல்லூரி கேள்வியை மாற்றி மறுபடி கேட்க வேண்டும், அதுவரை எட்டுக் கடையும் இருக்கும். சிந்துஜா என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். பையில் பணியாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

சென்னியப்பன் மட்டும் என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

மார்ச் 22, சனி

சங்கம் வழி கண்டுபிடித்திருக்கிறது. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன், ஓட்டையோடு. ரங்கநாயகி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கை மணத்தக்காளிக் கீரையை எடுத்தாள். எடுத்து, தராசில் வைத்து, பட்டனைத் தட்டி, பில்லைக் கிழித்துக் கொடுத்தாள். ‘கொசுறு, 70 கிராம், ரூ. 0.00’ என்று அச்சாகியிருக்கிறது.

கொசுறை நிறுக்கக் கூடாது அம்மிணி என்றேன். "நிறுக்காமக் குடுத்தா சர்ட்டிபிகேட்டுக்காரங்க கேப்பாங்களேங்கம்மா" என்றாள் பாவமாக. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வருஷம் மெஷினோடு பழகியவள். தட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடு, அதற்குப் பிறகு வேண்டுமானால் பில் போடு என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்து வந்த பெண்ணிடம் அப்படியே செய்தாள். அந்தப் பெண் கால் கிலோ பாகற்காய் கூடப் போடச் சொன்னாள்.

அந்தக் கீரை மதியம் கூட்டாகிவிட்டது. சுகுணா, "இது நெசமாவே ஆறாம் நம்பர் கடைங்களா?" என்றாள். பில்லைக் காட்டினேன்.

மார்ச் 25, செவ்வாய்

நோட்டில் இதுதான் கடைசிப் பக்கம்.

ரங்கநாயகியிடம் அவரையும் தக்காளியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பதினாலாம் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு வாரமாகச் சென்னியப்பன் நான் வருவது தெரிந்தால் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொள்வான். நானும் பையை மறுபக்கக் கையில் மாற்றிக்கொண்டு வேகமாக நடந்துவிடுவேன். பதினோரு வருஷப் பழக்கத்தைச் சபையில் வைத்து ஏலம் போட்டவள் என்று நினைத்திருப்பான்.

இன்று கூப்பிட்டான். "ஆத்தா, பையைக் காட்டுங்க."

ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பெரிய கொத்து. ஒன்றும் வாங்காமல் எப்படி வாங்கிக்கொள்வது, அது பிச்சை என்றேன். "காய் வாங்காட்டி ஆளு மாறிருமாக்கும்" என்று பைக்குள் செருகினான். அரைக் கிலோ சின்ன வெங்காயம் போடச் சொன்னேன். ரங்கநாயகியிடம் வெங்காயம் கிடையாது.

அவன் நிறுக்கும்போது மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்து இறங்கும்போது ரங்கநாயகி சொன்னதுதான். மார்க்கெட்டுக்கு வருகிற கறிவேப்பிலைக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் மருந்தடிக்கிறார்களாம், அதைக் கொசுறாகக் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள்.

சென்னியப்பன் தராசை இறக்கி வைத்தான். "இது மார்க்கெட் தழை இல்லீங்காத்தா. எங்கூட்டுக் கிணத்தடி மரம். வெடியால எங்கூட்டுக்காரி ஒடிச்சுக் கட்டித் தர்றா. கொளம்புல போடற தழைக்கு, அதும் வீட்டு மரத்துக்கு, எவனாவது மருந்தடிப்பானுங்களா?"

இத்தனை நாள் இந்த மார்க்கெட்டில் ஒரு சொட்டு மருந்து படாத தழை, பச்சைப் பலகை இல்லாத கடையில், எடையில்லாமல், விலையில்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நாற்பது நோட்டிலும் இல்லை.

இதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஆராங்காத்தா கேட்டாங்க? அந்தப் புள்ளை வந்து கிலோ என்ன விலைன்னுதான் கேட்டுச்சு, சொன்னேன்."

இன்று வாங்கியது: அவரை, தக்காளி, கடை எண் 6. வெங்காயம், கடை எண் 14. கொசுறு, இரண்டு கடையிலும். ஏன் என்பதற்கு இந்த நோட்டில் இடம் போதாது. சிந்துஜா நேரில் வரட்டும், சொல்கிறேன்.